பைக் விபத்தும் நஷ்டஈடும்: வக்கீல் ஆபீஸில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். கட்டுப் போட்ட காலோடு வருபவர்கள் முதலில் உட்காருவது என் மேசைக்கு எதிரில்தான். கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். தமிழ்நாட்டில் டூவீலர் ஓட்டுகிறவர்களை நினைத்து எழுதியது. சட்டம் 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம். 2019-ல் அதைத் திருத்தினார்கள். நஷ்டஈடு பற்றிய புதிய பிரிவுகள் 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன.

ஆக்சிடென்ட் ஆனதும் முதலில் ஸ்டேஷனா, ஆஸ்பத்திரியா?

ஆஸ்பத்திரி. இதில் யோசிக்கவே வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியாக இருந்தால், தனியார் ஆனாலும், முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது. தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் வரை என்று இருந்தது, பிறகு 2 லட்சமாக்கினார்கள். மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டத்தை அறிவித்தது. அதில் 7 நாட்களுக்குள் 1.5 லட்சம் வரை.

அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவரைப் பெயர், விலாசம் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. ரோட்டில் யாராவது கிடந்தால் தூக்கப் பயப்படாதீர்கள்.

ஏ.ஆர். காப்பி, ஏ.ஆர். காப்பி என்கிறார்களே, அது என்ன?

ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் எழுதுகிற முதல் குறிப்பு. எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டி வந்தார்கள், எப்படி அடிபட்டது, எங்கெங்கே காயம் என்று நாலைந்து வரிதான் இருக்கும். அந்த நாலைந்து வரி சில நேரம் லட்சக்கணக்கில் விலை போகும்.

எங்களிடம் வந்த ஒருவரைப் பின்னால் வந்த வேன் தட்டிவிட்டது. கூட்டிப்போன மச்சான் பதற்றத்தில் டாக்டரிடம், 'பைக்ல இருந்து கீழே விழுந்துட்டாருங்க' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். டாக்டரும் அப்படியே எழுதிவிட்டார். வேன் பற்றி ஒரு எழுத்து இல்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல், இவர் தானாக விழுந்தவர் என்று இரண்டு வருடம் வாதாடினார். அதனால் எந்த வண்டி மோதியது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, நம்பர் தெரிந்தால் நம்பர், எல்லாவற்றையும் கேஷுவாலிட்டியிலேயே சொல்லுங்கள். 'என்ன எழுதியிருக்கீங்க டாக்டர்?' என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை.

எப்.ஐ.ஆர். போடாமல் பேசி முடித்துக்கொள்ளலாமா? எதிர்பார்ட்டி பத்தாயிரம் தருகிறேன் என்கிறார்.

சிராய்ப்போடு போனது என்றால் உங்கள் இஷ்டம். எலும்பில் அடி என்று சந்தேகம் இருந்தால்கூட வேண்டாம். முட்டி வீக்கம் என்று நினைத்துப் பத்தாயிரம் வாங்கிக்கொண்டு, ஸ்டேஷனில் 'எனக்கு எந்தப் புகாரும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து நாள் கழித்து லிகமென்ட் கிழிந்திருக்கிறது என்ற ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் மாதம் ஒருவராவது உண்டு. எழுதிக் கொடுத்த அந்தக் கடிதத்தைத்தான் எதிர்த்தரப்பு முதலில் நீட்டும்.

ஆஸ்பத்திரியில் கிடந்ததால் புகார் தாமதமானது என்றால் அதற்காக மலைக்க வேண்டாம். எப்.ஐ.ஆர். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக விபத்து வழக்கைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் சொல்ல முடிய வேண்டும்.

கேஸ் போட்டால் அந்த டிரைவர் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடாதா?

நல்ல மனசு உள்ளவர்கள் கேட்கிற கேள்வி இது. வராது. மோதிய வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது அந்த வண்டியால் அடிபட்ட வெளியாளுக்கான காப்பு, இருந்தால் பணம் கட்டுவது கம்பெனி. அந்த இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கவே கூடாது என்று 146-ம் பிரிவு சொல்கிறது. மீறினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். காயம் பட்டவருக்குப் பணம் போய்ச் சேரத்தான் அந்தக் கட்டாயம். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்றால் ஓனர் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

வண்டி நம்பர் தெரிந்தால் எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று காட்டும்.

எனக்கு ஊர் தேனி, விபத்து நடந்தது சென்னையில். அலைய வேண்டுமா?

வேண்டாம். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்தரப்பு இருக்கும் இடம், இதில் எங்கே வேண்டுமானாலும் விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். தேனியிலேயே போடுங்கள். கேஸ் நம்பர் ஆனதும் எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மனு) என்று ஒரு எண் வரும். அதைப் பத்திரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த சில வருடங்களுக்கு உங்கள் பெயரை விட அதைத்தான் கேட்பார்கள்.

எத்தனை நாளைக்குள் போட வேண்டும்?

விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம். 2022 ஏப்ரல் 1-க்கு முன்பு இப்படி ஒரு கெடு கிடையாது. 'எப்ப வேணா போடலாம், எங்க மாமா மூணு வருஷம் கழிச்சுப் போட்டாரு' என்று ஊரில் சொல்வது அந்தக் காலத்துக் கதை.

இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன. கெடு தாண்டியது என்பதற்காக மனுக்களைத் தள்ளிவிடக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இறுதித் தீர்ப்பு எப்படி வேண்டுமானாலும் வரலாம். அதனால் அந்த உத்தரவை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். கட்டுப் பிரிக்கிற வரை காத்திருக்கவும் தேவையில்லை. மனுவைப் போட்டுவிட்டு மருத்துவ ஆவணங்களைப் பின்னால் சேர்க்கலாம்.

ஹெல்மெட் போடவில்லை. ஒரு பைசா கிடைக்காது என்கிறார்களே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் பரப்பிவிட்டது மாதிரியே ஊர் முழுக்க இந்தப் பேச்சு இருக்கிறது.

ஹெல்மெட் போடாதது குற்றம். ஓட்டுகிறவர், பின்னால் இருப்பவர் இருவரும் போட வேண்டும். 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம், லைசென்ஸை 3 மாதம் நிறுத்தி வைக்கவும் முடியும். அது உங்களுக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள கணக்கு. நஷ்டஈட்டில் கேட்கிற கேள்வி வேறு: ஹெல்மெட் இருந்திருந்தால் இந்தக் காயம் குறைந்திருக்குமா? கால் முறிந்தவருக்கு ஹெல்மெட் என்ன செய்திருக்கும்? அங்கே பிடித்தம் செய்ய நியாயமே இல்லை. தலையில் அடி என்றால் 'பங்களிப்புக் கவனக்குறைவு', அதாவது உங்கள் தப்பும் இதில் கொஞ்சம் உண்டு என்று சொல்லி ஒரு பங்கைக் கழிப்பார்கள். பெரும்பாலும் பத்து, பதினைந்து சதவீதம் என்கிற அளவில் நான் பார்த்திருக்கிறேன், அதற்கு மேலும் போனதுண்டு. மொத்தமாகக் கிடைக்காது என்பது பொய்.

ஹெல்மெட் போட்டிருந்தீர்களா, அது உடைந்ததா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உடைந்த ஹெல்மெட் நல்ல சாட்சி.

ஒரே பைக்கில் மூன்று பேர் போனோம்.

அபராதம் தனி, மேலே சொன்ன மாதிரியே. நஷ்டஈட்டைப் பொறுத்தவரை, மூன்று பேர் போனதால்தான் விபத்து நடந்தது அல்லது அடி அதிகமானது என்று காட்டாமல், மூன்று பேர் என்பதற்காக மட்டும் பணத்தைக் குறைக்கக் கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

லைசென்ஸ் இல்லை. இப்போது என்ன ஆகும்?

யாருக்கு இல்லை? அதைப் பொறுத்துப் பதில் மாறும். உங்களுக்கு இல்லை, ஆனால் தப்பு லாரிக்காரர் மேல் என்றால், லைசென்ஸ் இல்லாததே உங்கள் கவனக்குறைவு ஆகிவிடாது. 2008-ல் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய ஒரு சிறுவன் வழக்கில் வந்த தீர்ப்பு இது. போலீஸ் அபராதம் போடும், அது 5,000.

மோதியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால் கம்பெனி, 'நாங்கள் கட்ட மாட்டோம்' என்று ஆரம்பிக்கும். பல வழக்குகளில் கோர்ட், முதலில் நீ காயம் பட்டவருக்குக் கட்டு, பிறகு ஓனரிடம் வசூல் செய்துகொள் என்று உத்தரவு போடுகிறது. அந்த ஓனர் பாடு திண்டாட்டம்தான். பதினாறு வயசுப் பையனிடம் சாவியைக் கொடுக்கிற அப்பாக்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும். 199ஏ பிரிவில் அவர்களுக்கு 3 வருடம் வரை ஜெயிலும் 25,000 ரூபாய் அபராதமும் இருக்கிறது.

அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். நம்பர் தெரியாது.

முதல் வேலை, அந்த ரோட்டில் இருக்கிற கடைகளின் சிசிடிவி. பல கடைகளில் பழைய பதிவு சில நாளிலேயே அழிந்துவிடும். போலீஸ் வருகிறவரை காத்திருக்காமல் வீட்டில் ஒருவர் போய்க் கடைக்காரரிடம் அழிக்க வேண்டாம் என்று சொல்லி வைக்க வேண்டும். பெட்ரோல் பங்க், டோல்கேட், ஏ.டி.எம். வாசல் என்று பாருங்கள்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் 161-ம் பிரிவில் அரசுத் திட்டம் உண்டு. இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. முன்பு 25,000-மும் 12,500-மும்தான். மனு கோர்ட்டுக்குப் போகாது, வருவாய்த்துறைக்குப் போகும். உத்தரவு போடுவது கலெக்டர் மட்டத்தில். எலும்பு முறிந்தாலே, ஏன், பல் உடைந்தாலே சட்டத்தில் அது கொடுங்காயம். பின்னால் வண்டி கண்டுபிடிக்கப்பட்டு வழக்கில் நஷ்டஈடு வந்தால் இந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

நாய் குறுக்கே வந்து நானே விழுந்தேன். யார் மேல் கேஸ் போடுவது?

நாய் மேல் போட முடியாது. எதிர் வண்டி இல்லாத இடத்தில் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் உங்களுக்கு உதவாது, ஏனென்றால் நீங்கள் மூன்றாம் நபர் இல்லை. ஆனால் உங்கள் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். 'ஓனர் டிரைவர் பி.ஏ.' (ஓட்டும் ஓனருக்கான தனிநபர் விபத்துக் காப்பு) என்று ஒரு வரி இருக்கும். 2018-ல் அதை 15 லட்சமாக உயர்த்தினார்கள். இறப்பு, கை கால்களில் இரண்டை இழப்பது, நிரந்தர முழு ஊனம் என்றால் முழுத் தொகை. ஒரு கை அல்லது ஒரு கண் போனால் பாதி. சாதாரண எலும்பு முறிவுக்கு இதில் எதுவும் இல்லை.

இதில் இரண்டு கண்ணி இருக்கிறது. ஒன்று, ஓட்டியவருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். இன்னொன்று, ஆர்.சி. புக்கில் பெயர் இருப்பவருக்குத்தான் இந்தக் காப்பு. நம் வீடுகளில் பைக் அப்பா பெயரில் இருக்கும், ஓட்டுவது மகன். மகன் தானே விழுந்தால் ஓனர் இல்லை என்று கம்பெனி கைவிரிக்கும். இரவல் வாங்கி ஓட்டுகிறவர் ஓனர் இடத்தில் நிற்கிறவர், அந்த வண்டியின் இன்சூரன்ஸிடமே மூன்றாம் நபராக நஷ்டஈடு கேட்க முடியாது என்று 2020-ல் தீர்ப்பு வந்தது. பெயர் மாற்றாமல் செகண்ட் ஹேண்ட் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இதே தலைவலி.

நண்பன் பின்னால் உட்கார்ந்து போனேன். அவன்தான் கொண்டுபோய் மோதினான். நண்பன் மேலேயே கேஸா?

பேப்பரில் அவன் பெயர் வரும், பணம் அவன் வண்டி இன்சூரன்ஸிலிருந்து வரும். ஆனால் ஒரு நிபந்தனை. 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று நாம் சொல்கிற பேக்கேஜ் பாலிசியாக இருந்தால் பின்சீட்டில் இருப்பவருக்கும் காப்பு உண்டு. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் பின்சீட்டுக்காரர் அதில் வரமாட்டார் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. அப்போது நண்பன்தான் கட்ட வேண்டும், நட்பும் அங்கேயே முடியும். இரண்டு வண்டிகள் மோதியது என்றால் எதிர்வண்டி இன்சூரன்ஸிடமும் கேட்கலாம். அங்கே நீங்கள் மூன்றாம் நபர்தான்.

இடித்தது அரசு பஸ். அவர்களிடம் இன்சூரன்ஸே இல்லையாமே?

உண்மைதான், போக்குவரத்துக் கழகமே நேராகக் கட்டும். தாமதம்தான் பிரச்சினை. நஷ்டஈடு தராததால் அரசு பஸ் ஜப்தி, பயணிகள் இறக்கிவிடப்பட்டார்கள் என்று பேப்பரில் படிக்கிறோமே, அதெல்லாம் இந்த வழக்குகள்தான்.

எனக்கு எவ்வளவு கிடைக்கும்?

வந்து உட்கார்ந்த முதல் நிமிடத்தில் யாராவது தொகை சொன்னால் நம்பாதீர்கள். கணக்கு எப்படி என்று சொல்கிறேன். வயது 32, பிளம்பர், மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டுவார்கள்: 21,000. வருடத்துக்கு 2,52,000. இதை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், அதுதான் பெருக்குத்தொகை. 31 முதல் 35 வயது வரை அது 16: ஆக 40,32,000. ஊனத்தால் சம்பாதிக்கும் திறன் 20 சதவீதம் குறைந்தது என்று கோர்ட் ஏற்றால் 8,06,400. இதன் மேல் மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்கள், கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு, சத்துணவு, போக்குவரத்து, வலி வேதனை எல்லாம் தனித்தனி. மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு, நம் பக்கம் 7.5 சதவீதம் அடிக்கடி பார்க்கலாம். பெருக்குத்தொகைப் பட்டியல் 2009-ம் வருட சரளா வர்மா தீர்ப்பிலிருந்தும், எதிர்கால உயர்வுச் சதவீதம் 2017-ம் வருட பிரணய் சேத்தி தீர்ப்பிலிருந்தும் வருகிறது.

நிரந்தர ஊனம் இல்லாமல் ஆறிவிட்ட காயம் என்றால் பெருக்குத்தொகை வராது. மற்ற தலைப்புகள் மட்டும்தான்.

மெடிக்கல் போர்டு 40 சதவீதம் கொடுத்தது. கோர்ட் ஏன் 20 தான் எடுத்தது?

டாக்டர் சொல்வது காலின் ஊனம். கோர்ட் பார்ப்பது பிழைப்பின் ஊனம். இடது காலில் 40 சதவீதம் என்றால் மொத்த உடம்புக்கு அவ்வளவு இல்லை. அதே கால் ஊனம் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதுபவருக்கு ஒன்று, சாரத்தில் ஏறும் பெயின்டருக்கு வேறு. 2010-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகவே எழுதியது. சில நேரம் நமக்குச் சாதகமாகவும் திரும்பும். கர்நாடகத்தில் கால் இழந்த ஒரு காய்கறி வியாபாரிக்கு வருமான இழப்பு 85 சதவீதம் என்று 2014-ல் ஏற்றுக்கொண்டார்கள். தள்ளுவண்டியை ஒற்றைக் காலில் தள்ள முடியுமா என்பதுதான் கேள்வி. அதனால் சாட்சிக் கூண்டில் 'வலிக்குதுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். விபத்துக்கு முன் என்ன வேலை செய்தீர்கள், இப்போது அதில் எது முடியவில்லை என்று சொல்லுங்கள்.

சம்பளச் சீட்டு எதுவும் இல்லை. பூக்கடை வைத்திருக்கிறேன்.

சீட்டு இல்லை என்பதற்காக வருமானம் பூஜ்யம் ஆகாது. மேலே சொன்ன காய்கறி வியாபாரியிடமும் சீட்டு இல்லை. 2008-ல் நடந்த விபத்துக்கு மாதம் 6,500 என்று எடுத்தார்கள். வருடம் ஏற ஏற அந்த மதிப்பும் ஏறும். இப்போது ஜிபே வரவு, வங்கிப் பாஸ்புக், நலவாரிய அட்டை, மொத்த வியாபாரியின் பில் எல்லாமே உதவும். வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்களுக்கும் அந்த வேலைக்கு மதிப்புப் போட்டுத்தான் கணக்கிட வேண்டும்.

இன்சூரன்ஸ் ஆபீசர் வீட்டுக்கே வந்து, இரண்டரை லட்சம் உடனே தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்.

164-ம் பிரிவாக இருக்கும். யார் தப்பு என்று பார்க்காமல் இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். தப்பு உங்கள் மேல் இருக்கிறது, ஊனம் பெரிதாக இல்லை என்றால் நல்ல வழி. ஆனால் அதை வாங்கிக்கொண்டால் 166-ம் பிரிவில், அதாவது தப்பு யார் மேல் என்று காட்டி முழு நஷ்டஈடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் போட்ட வழக்கு முடிந்துவிடும். மேலே பிளம்பருக்குப் போட்ட கணக்கை எடுத்து உங்கள் வயது, வருமானத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள், பிறகு பேனாவை எடுங்கள்.

வக்கீல் 30 சதவீதம் கேட்கிறார். அதுதான் ரேட்டா?

என் சோற்றில் கை வைக்கிற கேள்வி, இருந்தாலும் சொல்கிறேன். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. நடைமுறையில் பேசுகிறார்கள் என்பது ஊரறிந்தது. ஃபீஸ் எவ்வளவு என்று முதலிலேயே பேசுங்கள், நிரப்பாத காகிதத்திலோ செக்கிலோ கையெழுத்துப் போடாதீர்கள். ஆஸ்பத்திரி வார்டுக்கே தேடி வந்து கேஸ் பிடிக்கிறவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வசதி இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

கிரிமினல் கேஸில் டிரைவர் விடுதலை ஆகிவிட்டார். நம் கேஸ் அவ்வளவுதானா?

இல்லை. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். டிரைவர் தப்பை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டியிருந்தால் அந்தத் தீர்ப்பு நகலை வாங்கிப் போடுங்கள், நமக்கு நல்லது.

லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) தொகையைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

கட்டாயம் இல்லை, பிடிக்கவில்லை என்றால் வழக்கு பழைய இடத்துக்கே திரும்பும். ஒத்துக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது, இரு பக்கத்துக்கும்தான். கம்பெனி ஹைகோர்ட் போய் வருடக்கணக்கில் இழுக்காது என்பதற்கு ஒரு விலை உண்டு. கணக்கில் பத்து லட்சம் வரும் வழக்கை எட்டரைக்கு முடித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்துக்கு முடித்தவர்களைத் தடுத்திருக்கிறேன்.

தீர்ப்பு வந்து மூன்று மாதம் ஆகிறது, பணம் வரவில்லை.

தீர்ப்பு வந்த 30 நாளில் டெபாசிட் செய்ய வேண்டும் என்பது சட்டம். கம்பெனி அப்பீல் போக 90 நாள் இருக்கிறது, பெரும்பாலும் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். அப்பீல் போனாலும் ஹைகோர்ட் வழக்கமாக ஒரு பகுதியையோ முழுவதையுமோ கட்டச் சொல்லும், அதில் ஒரு பங்கை எடுக்கக் கேட்கலாம். அதுவும் நடக்கவில்லை என்றால் தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு, அப்புறம் பஸ் கேள்வியில் சொன்ன ஜப்தி.

டெபாசிட் ஆனதும் பணம் தானாக உங்கள் கணக்குக்கு வராது. பணத்தை எடுக்க அனுமதி கேட்டு செக் பெட்டிஷன் போட வேண்டும். ஆதார், பான், உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் வேண்டும். மனுவில் 'முருகேசன்', ஆதாரில் 'முருகேஷ்' என்று இருந்து ஆறு மாதம் நின்றுபோன கேஸ் கட்டு ஒன்று இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. மனு டைப் அடிக்கும்போதே ஆதாரை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.